முகம் வைக்காத மணப்பெண்

எங்கள் ஊர் வரலாற்றுக் கழகத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். பதினொருவரும் ஆண்கள். பெரும்பாலானோர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்பதால் எல்லோருக்கும் பேசத் தெரியும், கேட்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. செயலாளர் என் மாமா, அதாவது உம்மாவின் காக்கா, மூத்த அண்ணன். வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுகை முடிந்ததும் எங்கள் வீட்டு முன்னறையில் கூடி, சாய்ந்தமருதுக் கரைக்கு முதல் தோணி எப்போது வந்தது என்று வாதாடுவார்கள். ஒவ்வொரு வெள்ளியும் ஊரின் வயது ஐம்பது அறுபது வருடம் கூடும். நான் தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, யாரும் என் பெயரைக் கேட்பதற்குள் உள்ளே ஓடிவிடுவேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆட்கள் என்னைப் பார்த்தாலே என் பெயர்கூட எனக்கு மறந்துவிடும். இப்போதும் அப்படித்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நல்ல காரியத்துக்கென்று ஆட்கள் கூட்டமாகச் சேர்வது குறைந்திருந்த காலம். அதனால்தானோ என்னவோ, கழகத்தார் பள்ளிக்கூட மண்டபத்தில் மூன்று நாள் பழமைக் காட்சி நடத்தப்போகிறார்கள் என்றதும் ஊரே எழுந்து உட்கார்ந்தது. வெளியே முற்றத்தில் பொல்லடி என்னும் கோலாட்டமும் பேச்சும். உள்ளே பழைய சாமான்கள். வெற்றிலை வட்டா, படிக்கம், மூக்குப்பேணி, நெல் அளக்கும் மரைக்கால், கறையான் அரித்த காணி உறுதி என்று வீடு வீடாகப் போய் இரவல் வாங்கினார்கள். மண்டபத்தின் கடைசி மூலையில், பழைய காலத்து மணவறை ஒன்றை அப்படியே அமைப்பது என்று மாமா தீர்மானித்திருந்தார். சிவப்புத் துணி விரித்த கட்டில், மேலே சோடனை, நடுவில் மணப்பெண்.

மணப்பெண்ணில்தான் சிக்கல் வந்தது. உயிருள்ள குமர்ப்பிள்ளையை ஊர் பார்க்க உட்கார்த்தி வைக்க யாரும் சம்மதிக்கமாட்டார்கள். பொம்மை செய்யலாமென்றால் உருவம் செய்வது கூடாது. இதைப் பற்றி இரண்டு வெள்ளிக்கிழமைகள் பேசினார்கள். கடைசியில் கழகத்திலிருந்த மௌலவி ஒருவர் வழி சொன்னார்.

"முகம் வெச்சாத்தான் உருவம். முகம் வைக்காட்டி அது மூட்டை."

"மூட்டைக்குப் புடவை உடுத்தலாமா ஹஸரத்?"

"மூட்டைக்குப் புடவை உடுத்தக் கூடாதெண்டு நான் எங்கயும் ஓதல்ல."

ஆகவே வைக்கோலைச் சாக்கில் அடைத்து உடம்பு செய்தார்கள். ஒரு தடியின் மேல் மண்பானையைக் கவிழ்த்துத் தலை செய்தார்கள். அதன்மேல் சரிகை முக்காட்டை மார்பு வரைக்கும் இழுத்துவிட்டார்கள். பழைய காலத்து மணப்பெண் தலைகுனிந்து முகம் மூடித்தான் இருப்பாள் என்பதால் எல்லாம் பொருந்திவிட்டது. புடவை மட்டும் பாக்கி. ஊரிலுள்ள பழைய புடவைகள் எல்லாம் மடிப்பில் கிழிந்திருந்தன. கிழியாமல், ஒரு தரமும் உடுக்காமல் இருந்த ஒரேயொரு கல்யாணப் புடவை எங்கள் வீட்டில் இருந்தது. அது சாச்சியுடையது.

சாச்சி உம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். நாலு வருடங்களுக்கு முன் அவளுக்குக் காவின் என்னும் மணப்பதிவு எழுதியாகிவிட்டது. காவின் எழுதினால் மார்க்கப்படி புருசன் பெண்சாதிதான். ஆனால் கல்யாணச் சடங்கு முடிந்து மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து தங்கும்வரை ஊர் அவளைக் குமர் என்றுதான் சொல்லும். சடங்குக்குப் பத்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளை, வயல் வட்டையில் சூடடிப்பு நடக்கிறது, நெல்லைப் பார்த்து ஏற்றிவிட்டு வருகிறேன் என்று சைக்கிளில் போனார். வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. அந்த நாட்களில் வயலுக்குப் போய் வராதவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களைப் பற்றிய பேச்சு, நான் அறைக்குள் நுழைந்ததும் மழையைப் பற்றிய பேச்சாக மாறிவிடும்.

இப்போது சாச்சிக்கு வேறொரு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். ஒரு வாத்தியார், நல்ல மனிதர். அதற்கு முதலில், காணாமற்போனவரின் கட்டிலிருந்து தன்னை விடுவிக்கும்படி சாச்சி, மண வழக்குகளைத் தீர்க்கும் காழியாருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கடிதத்தை மாமாவே அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். சாச்சி கையொப்பம் போடவேண்டியதுதான் மிச்சம். அவள் போடவில்லை. ஆறு மாதமாகப் போடவில்லை.

"கையெழுத்துப் போட்டா, அவரு மவுத்து எண்டு நான் செல்றதாப் போகும்," என்று ஒருநாள் உம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "நான் எப்பிடிச் செல்ற ராத்தா? நான் கண்டனா?"

"அப்ப கிழவியாகுமட்டும் பெட்டகத்தப் பாத்துக்கிட்டு இரிக்கப் போறியா?"

வாத்தியார் வீட்டார் நோன்புக்கு முன் முடிவு கேட்டிருந்தார்கள். இந்த நிலைமையில்தான் மாமா, பெட்டகத்தில் சும்மா கிடக்கிற புடவைதானே, மூன்று நாளுக்குத் தா என்று உம்மாவிடம் கேட்டு வாங்கிப்போனார். சாச்சியிடம் யாரும் கேட்கவில்லை. அவள் குசினிக்குள்ளிருந்து, புடவை போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான்.

மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காரும் தோழிப்பிள்ளையாக என்னைப் போட்டார்கள். வயதுக்கு வராத பிள்ளை இருக்கலாமாம். உம்மா எனக்குப் பட்டுப் பாவாடை உடுத்தி, மை தீட்டி, கையில் ஒரு விசிறியைத் தந்தாள். பின்னேரம் இரண்டு மணியிலிருந்து அஸர் பாங்கு வரைக்கும் பெண்களுக்கான நேரம். அப்போது மட்டும் நான் உட்கார்ந்தால் போதும். மாமா சொன்ன ஒரே சட்டம் இதுதான்:

"அசையப்படா. கதைக்கப்படா. நீயும் ஒரு சாமான் எண்டு நெனச்சிக்க."

கதைக்காமல் இருப்பதற்கு என்னை விடப் பொருத்தமான ஆளை ஊரில் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் அந்த மூட்டைக்குப் பக்கத்தில் இருப்பது அவ்வளவு இலேசாக இருக்கவில்லை. கடற்காற்று யன்னலால் வரும்போது சாக்குக்குள் வைக்கோல் சரசரக்கும். யாரோ உட்கார்ந்து கால் மாற்றுவதுபோல இருக்கும். கவிழ்த்த பானையின் வாய்க்குள் காற்று புகுந்தால் மெதுவாக ஓர் ஊங்காரம் எழும். மணப்பெண் முக்காட்டுக்குள் தனக்குத்தானே ஏதோ முனகிக்கொண்டிருந்தாள். நான் விசிறியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தெரிந்த ஸூராக்களையெல்லாம் மனதுக்குள் ஓதினேன்.

பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வட்டாவையும் படிக்கத்தையும் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு மணவறைக்கு வந்து நின்றுவிடுவார்கள்.

"ஊங்காரம் கேக்குதா கா? புள்ள அழுவுது."

"அழாம என்ன? மாப்பிள்ளை வாறத்துக்கு முந்தி ஊரெல்லாம் வந்து பாக்குது."

"என்ன மகள், மாப்பிள்ளை எங்க? இன்னும் வரல்லையா?"

பெரிய சிரிப்பு. பிறகு யாரோ ஒருத்தி, அது யாருடைய புடவை என்று மற்றவளின் காதில் சொல்வாள். சிரிப்பு ஓரத்திலிருந்து அடங்கிக்கொண்டு வரும். போகும்போது எல்லோரும் கொஞ்சம் வேகமாகப் போவார்கள். இரண்டாம் நாள் ஒருத்தி, வாழாத பிள்ளையின் புடவையை மூட்டைக்குச் சுற்றியிருக்கிறார்கள், இது நல்லதுக்கில்லை என்று சத்தமாகவே சொல்லிவிட்டுப் போனாள். அன்றிரவு எனக்குக் காய்ச்சல்போல இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள்தான் கடைசி. மாமா, மண்டபத்தைப் பூட்டிச் சாவியை எங்கள் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு ளுஹர் தொழுகைக்குப் போயிருந்தார். சோறு தின்னும்போது சாச்சியைக் காணவில்லை. தலையிடி என்று படுத்திருக்கிறாள் என்றாள் உம்மா. இரண்டு மணிக்கு நாங்கள் போனபோது சாவி ஆணியில்தான் இருந்தது. உம்மா கதவைத் திறந்து, பெண்களை வரிசைப்படுத்த வாசலில் நின்றுகொண்டாள். நான் வழக்கம்போலக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தேன்.

அன்று காற்று பலமாக வீசியது. சோடனைத் தாள்கள் படபடத்தன. ஆனால் பானை ஊங்காரமிடவில்லை.

முதலில் எனக்குப் பட்டது அது மட்டும்தான். பிறகு, வைக்கோல் மணத்தைக் காணவில்லை. அதற்குப் பதிலாக இலேசாக அத்தர் மணத்தது. நான் தலையைத் திருப்பவில்லை, சாமான்கள் தலையைத் திருப்புவதில்லை. கடைக்கண்ணால் பார்த்தேன். முக்காட்டின் சரிகை ஓர் இடத்தில் மட்டும் உள்ளே ஒட்டி, வெளியே வந்து, மறுபடி உள்ளே ஒட்டியது. கத்த வாய் திறந்திருப்பேன். அதற்குள் புடவைத் தலைப்பின் கீழாக ஒரு கை வந்து என் முழங்காலைப் பிடித்தது. சூடான கை. பெருவிரலில் அரிவாள்மணை வெட்டிய பழைய தழும்பு இருந்தது. அந்தத் தழும்பை எனக்குத் தெரியும்.

"கதைக்காத," என்றது முக்காடு.

நான் கதைக்கவில்லை. பயம் போகவில்லை, வேறு மாதிரி ஆனது. பெண்கள் வந்தார்கள், பார்த்தார்கள். இன்றைக்கு இன்னும் நல்லாச் செய்திருக்கிறார்கள் என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி குழந்தையைத் தூக்கிக் காட்டினாள், அது வீறிட்டு அழுதது. வாத்தியார் வீட்டுப் பெண்களும் வந்தார்கள். புடவையின் கரையை விரலால் தடவி, பாரமான சரிகை என்று சொல்லிவிட்டு, பொண்ணு எங்க, கண்ணிலேயே படல்லையே என்று வாசலில் உம்மாவிடம் கேட்டார்கள். தலையிடி என்று உம்மா சொன்னது எனக்கும் கேட்டது, எனக்குப் பக்கத்தில் இருந்தவளுக்கும் கேட்டது. என் முழங்காலில் இருந்த கை அசையவில்லை.

பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் கூட்டம் முற்றத்துக்குப் போய்விட்டது. அப்போதுதான் கடற்கரை வீட்டு மாமி வந்தாள். காணாமற்போன மாப்பிள்ளையின் உம்மா. வட்டாக்களையோ மரைக்காலையோ அவள் பார்க்கவில்லை. நேரே வந்து, மணவறைக்கு முன்னால் விரித்திருந்த பாயில் உட்கார்ந்தாள். மண்டபத்தில் வேறு யாரும் இல்லை. என்னை ஒரு தரம் பார்த்தாள். விசிறியைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

"இந்தப் புடவை நானும் அவனும் கல்முனைக்குப் போய் எடுத்தது," என்றாள் மணப்பெண்ணிடம். "நிறம் கூடிப் போச்சா உம்மா, நிறம் கூடிப் போச்சா எண்டு மூணு தரம் கேட்டான். ஒனக்கு நல்லாத்தான் இரிக்கி."

வெளியே பொல்லடிப் பிள்ளைகள் தடிகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவன் வரமாட்டான் மகள். எனக்கு ஒரு வருசமாத் தெரியும். சொறிக்கல்முனையில வேளாம செய்ற ஒரு தமிழ் மனிசன் பின்வாசலால வந்தாரு. பேப்பர்ல சுத்தி அவன்ட பச்சை இடுப்பு வாரைத் தந்தாரு. வாய்க்கால் ஓரம் அவன் கிடக்கக் கண்டாராம். விட்டுட்டு வர மனம் கேக்கல்ல அம்மா, நானே குழி வெட்டித் தாட்டன் எண்டாரு. உங்கட ஆக்கள் முகத்த மேற்கால திருப்பித்தானே வைக்கிற, நானும் அப்பிடியே வெச்சன் எண்டாரு. பயத்துல இவ்வளவு காலம் வரல்ல எண்டு நிண்டு அழுதாரு."

என் முழங்காலில் நகங்கள் பதிந்தன.

"நான் ஆருக்கும் செல்லல்ல. ஒனக்கும் செல்லல்ல. நீ கையெழுத்துப் போடல்ல எண்டு கேள்விப்படக்குள்ளயெல்லாம், அல்லாஹ்வுக்குப் பயந்து பயந்து சந்தோசப்பட்டன். நீ காத்திருக்கும் மட்டும், ஒரு வீட்டுல எண்டாலும் எங்கட புள்ளைக்கிச் சோறு மூடி வெச்சிருக்கி எண்டு நெனச்சன். அது பாவம் மகள். எனக்குத் தெரியும் அது பாவம்."

அவள் எழுந்து நின்று மணப்பெண்ணின் தலையில் கை வைத்தாள். பானையில் கை வைத்தால் பானை என்று தெரியும். குளிரும், நகம் பட்டால் சத்தம் வரும். அந்தக் கை உடனே விலகவில்லை. அங்கேயே இருந்து, பிள்ளைகளுக்குத் தலை தடவுவதுபோல ஒரு தரம் பின்பக்கமாக இறங்கியது. பிறகு அவள் ஸலாம் சொன்னாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மகள்."

முக்காட்டுக்குள்ளிருந்து பதில் வரவில்லை. ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் விடக்கூடாது என்று ஓதப்பள்ளியில் அடித்துச் சொல்லித் தந்திருந்தார்கள். ஆகவே நான் சொன்னேன். மூன்று நாளில் நான் வாய்திறந்து பேசியது அது ஒன்றுதான். மாமி என் பக்கம் திரும்பவே இல்லை.

பாங்கு கேட்டது. உம்மா முற்றத்து வெளிக்கதவுப் பக்கம் போனாள். சாச்சி எழுந்தாள். கரும்பலகைகளுக்குப் பின்னால் வைக்கோல் மூட்டை, புடவையில்லாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. பானை அதன் மடியில் இருந்தது. அதைக் கண்டபோது வந்த பயம் போல எனக்கு வேறு எப்போதும் வந்ததில்லை. "பிடி," என்றாள் சாச்சி. நான் மூட்டையை நிமிர்த்திப் பிடிக்க, அவள் தன் உடுப்புக்கு மேல் சுற்றியிருந்ததைக் கழற்றிக் கழற்றி அதற்கு உடுத்தினாள். மடிப்பு ஒன்றும் பிழைக்கவில்லை. கடைசியாகப் பானையைக் கவிழ்த்து முக்காட்டைப் போட்டுவிட்டு, "ஆருக்கும் செல்லாத," என்று சொல்லி, முன்பே தாழ் நீக்கி வைத்திருந்த பின்கதவால் போய்விட்டாள்.

மாமா வந்து மணப்பெண்ணைச் சுற்றிப் பார்த்தார். முக்காடு ஈரமாக இருந்தது.

"கூரை ஒழுகுது போல," என்றார். மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது.

அன்றிலிருந்து சாச்சி அறையை விட்டு வெளியே வரவில்லை. வீட்டுக்குள்ளேயே, கிணற்றடிக்கு மட்டும் போய் வருவாள். கதைத்தால் கதைப்பாள், சோறு தந்தால் தின்பாள். அழுவதாகவும் தெரியவில்லை. வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, நிறம் போன ஒரு வெள்ளைப் புடவையையே துவைத்துத் துவைத்து உடுத்தினாள். அறைக்குள் கண்ணாடி சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. ஊரில் எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது. வாழாதவளின் புடவையை மூட்டைக்கு உடுத்தினார்கள், மூட்டைக்குள் ஜின் இறங்கியது, புடவை வீட்டுக்கு வந்ததும் அது அவளைப் பிடித்துக்கொண்டது. கழகத்தார் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினார்கள். முகம் இல்லாவிட்டால் மூட்டை என்று தீர்ப்புச் சொன்ன அதே மௌலவிதான் தண்ணீர் ஓதித் தந்தார். மாமா ஒருவரிடம் இசிம் தாயத்து எழுதி வாங்கிவந்து சாச்சியின் கையில் கட்டினார். அவள் கையை நீட்டிக் கொடுத்தாள்.

நான் ஒவ்வொரு காலையும் உம்மாவிடம், சாச்சி எப்போது வெளியே வருவாள் என்று கேட்பேன். "நாளைக்கு வருவா," என்பாள் உம்மா. மறுநாளும் அதே பதில்தான். பெரியவர்களின் பொய்க்குக் கணக்கு வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. குசினிக் கதவின் பின்பக்கத்தில், 'நாளைக்கு' பொய்யாகிப்போன ஒவ்வொரு நாளுக்கும் கரித்துண்டால் ஒரு கோடு போட்டு வந்தேன். நோன்பு வந்து போனது. பெருநாளுக்கும் அவள் வெளியே வரவில்லை. வாத்தியார் வீட்டார் பொறுமையான ஆட்கள், சுகமாகட்டும் என்று காத்திருந்தார்கள். கோடுகள் கதவின் பாதிக்கு இறங்கிவிட்டன.

ஒருநாள் காலை சாச்சி தலைக்குக் குளித்து, நீலப் புடவை உடுத்து, முன்னறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"காக்கா, அந்தக் கடிதாசியத் தாங்க," என்றாள் மாமாவிடம்.

கையொப்பம் போட்டாள். மாமா, இசிம் வேலை செய்துவிட்டது என்று அதை எழுதிக் கொடுத்தவரைப் பார்க்க ஓடினார். உம்மா பால் காய்ச்சக் குசினிக்குள் போனாள். நானும் பின்னால் போய், என்னுடைய கணக்கை அவளிடம் காட்டினேன். நூற்று இருபத்தெட்டுப் பொய் சொல்லியிருக்கிறீர்கள் என்றேன்.

உம்மா சிரித்தாள். கதவைத் தன் பக்கம் இழுத்துக் கோடுகளைப் பார்த்தாள். எங்களிடையே புருசனை மவுத்துக்குப் பறிகொடுத்த பெண் இத்தா இருப்பாள், நாலு மாதமும் பத்து நாளும், வீட்டுக்குள்ளே, அலங்காரமில்லாமல். பிறைக் கணக்கில் அது எத்தனை நாள் என்று ஊரிலுள்ள எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. உம்மா விரலை வைத்து முதற்கோட்டிலிருந்து எண்ணினாள். முடிந்ததும் மறுபடி எண்ணினாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னறையில் சாச்சி யாருக்கோ தேத்தண்ணி ஊற்றும் சத்தம் கேட்டது. உம்மா அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

பிறகு துணியை நனைத்து, கோடுகளை ஒன்றுவிடாமல் துடைத்தாள். கதவைப் பாழாக்கியதற்கு அடி விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது உம்மா துடைத்த இடத்திலேயே நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். கரி அவ்வளவு கெட்டியாகப் பிடித்துவிட்டதாக்கும் என்று நினைத்து, நான் போய் இன்னொரு துணி எடுத்து வந்து கொடுத்தேன்.